ஆறாம் எண் ஆட்டக்காரன் வீடு திரும்புகிறான்

யோஷிதா,
பிப்ரவரி 18

அன்புள்ள தம்பி தமோட்சுவுக்கு,

இங்கே பிளம் மரம் பூத்துவிட்டது. காற்று மட்டும் இன்னும் கடல் பக்கமிருந்து குத்துகிறது. நீ நலமா? உன் முட்டி நலமா? உங்கள் இருவரையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

போனில் பேசினால் என்ன என்று கேட்காதே. போனில் நீ "ம்" என்பாய், நான் "அப்புறம்" என்பேன், நீ மறுபடியும் "ம்" என்பாய். ஆரஞ்சுப் பெட்டிக்குள் கடிதத்தை வைத்துவிட்டால் பழம் உரிக்கிற நேரத்திலாவது படிப்பாய்.

நேற்று மீன்கடை யாச்சியோ என்னை வழிமறித்துக்கொண்டாள். "உன் தம்பி இந்த வருஷமாவது கோல் போடுவானா?" என்றாள். "அவன் போடுறவன் இல்ல, போடுறவனுக்குப் பந்து குடுக்குறவன்" என்றேன். "நல்லா இருக்கே கதை! இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் குடுக்குறான், தனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?" என்றாள். இந்த வயதிலும் உன் கால்பந்து ஆட்டம் எனக்குப் புரியாது. நீ ஓடுகிறாய், நிற்கிறாய், கையைக் காட்டுகிறாய். வேறு யாரோ கோல் போடுகிறார்கள்.

அப்பாவின் நினைவுநாள் பூசை முடிந்தது. நீ பயிற்சி முகாமில் இருந்ததால் வரமுடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வருத்தப்படாதே. முதல் ஊதுவத்தி ஏற்ற வேண்டிய நேரம் வந்ததும் உன் அத்தான் பின்வாங்கிவிட்டார். "மூத்த மகன் இல்லாம நான் எப்படி?" என்று நிற்கிறார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, தன் பெயரை விட்டு நம் சோனெ பெயரை எடுத்துக்கொண்டு, நீ பந்தோடு போன நாளிலிருந்து இந்த ஆரஞ்சு மலையைச் சுமக்கிற மனுஷர் கேட்கிற கேள்வியா இது? கடைசியில் குருக்கள்தான், "கென்சாகு சார், எனக்கு இன்னொரு வீடு போகணும்" என்று அதட்டி ஏற்ற வைத்தார்.

பெட்டியில் மேலே இருப்பதை முதலில் சாப்பிடு. அடியில் இருப்பவை இன்னும் புளிக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஷினோ


யோகோதே,
மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வசந்தம் என்று காலண்டர் சொல்கிறது. இங்கே தோள் உயரத்துக்குப் பனி. நேற்று பயிற்சிக்கு முன்னால் நாங்களே மண்வெட்டி எடுத்து மைதானத்தைத் தோண்டி எடுத்தோம். நானும் முட்டியும் நலம். அத்தான் நலமா? நீ?

முதல் ஆட்டம் ஜெயித்தோம், இரண்டுக்கு ஒன்று. நான் கடைசிவரை ஆடினேன். இரண்டாம் டிவிஷனில் முப்பத்து நாலு வயதுக்காரன் முழு ஆட்டம் ஆடினால் மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்க வேண்டும். சின்னப் பையன்கள் அதைப் போனில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இவர்களுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

யாச்சியோ அம்மாளிடம் சொல். கோல் போடாதவன் இல்லை நான். இதுவரை நாலு ஊரில் ஆடி ஐந்து கோல் போட்டிருக்கிறேன், அதில் ஒன்று எதிராளி முதுகில் பட்டுப் போனது. என் வேலை வேறு. பந்து என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறான் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பந்து வந்த பிறகு பார்த்தால் பந்து போய்விடும். நடுக்களக்காரன் நன்றாக ஆடினால் அவன் ஆடினான் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. நம் யாச்சியோ அம்மாளுக்கு அது பதினாறு வருடமாக நினைவில்லை என்றால் நான் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் பார்.

இந்த ஊர்ப் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்குப் பிடிக்கும். உனக்கு நாறும்.

தம்பி,
தமோட்சு


யோஷிதா,
ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது. நலமா? மார்ச் மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அனுப்பிய இரண்டு பெட்டியும் வந்து சேர்ந்ததா, இல்லை பனிக்கரடி தின்றுவிட்டதா?

தோட்டத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு கிள்ளுகிற வேலை நடக்கிறது. உன் அத்தானிடம் ஓர் அதிசயம். சாப்பாட்டு மேசையில் தானாகப் பேசுகிறார்! மலையில் மேல் அடுக்கில் இருக்கிற கிழட்டு மரங்களை எடுத்துவிட்டுப் புது ரகம் வைக்கப் போகிறாராம். நாற்றுக்குச் சொல்லிவிட்டார். பழம் வர ஐந்து வருடம் ஆகும் என்கிறார், கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்க்கவில்லை.

இன்னொரு செய்தி. போன வருடம் நம் பழக் கிடங்குக் கூரைமேல் டிஷ் ஆன்டெனா வைத்தார். "வீட்டுல வெச்சா உனக்குத் தொந்தரவு" என்றார். ஆட்டம் இருக்கிற நாளில் பழம் தரம் பிரிக்கப் போகிறேன் என்று கிடங்குக்குப் போய்விடுவார். ஜூன் மாதத்தில் என்ன பழம்? அங்கிருந்து "திரும்பு! திரும்பு!" என்று கத்துகிற சத்தம் கேட்கும். இப்போது கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை. பேப்பரில் உன் பெயரைத் தேடினேன், காணோம். எழுத்து பொடியாக இருப்பதால் தவறவிட்டேனா?

பதில் எழுது.

அக்கா


யோகோதே,
ஜூலை 8

அன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

மழையில் நனைந்த ஹைட்ரேஞ்சியா மலர்கள் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறி மனதைக் குளிர்விக்கும் இந்த இனிய பருவத்தில், தாங்களும் அத்தானும் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் மிக்க நலம்.

பழங்கள் வந்தன. மிக ருசியாக இருந்தன. தாமதத்துக்கு மன்னிக்கவும். நீண்ட பருவம் என்பதால் பயிற்சியாளர் எனக்கு அவ்வப்போது ஓய்வு தருகிறார். கவலைப்பட ஒன்றுமில்லை. இளைஞர்களுக்கும் வாய்ப்புத் தர வேண்டுமல்லவா? வெயில் ஏறும் நாட்களில் தாங்கள் உடல்நலத்தில் கவனம் கொள்ள வேண்டுகிறேன்.

தமோட்சு


யோஷிதா,
ஜூலை 13

தமோட்சு,

ஹைட்ரேஞ்சியாவா?

பிறந்ததிலிருந்து நீ ஒரு பூவையாவது பார்த்திருக்கிறாயா? அம்மா வளர்த்த அத்தனை செடியையும் பந்தால் அடித்து ஒடித்தவன் நீ. உனக்கு முறைப்படி பருவம் விசாரித்து எழுதத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி ஜன்னலை உடைத்துவிட்டு வந்த அன்று என்னை "அக்கா அவர்களே" என்று கூப்பிட்டாய், நினைவிருக்கிறதா?

என்ன நடந்தது?

ஷினோ


யோகோதே,
ஆகஸ்ட் 15

அக்கா,

முகமன் எல்லாம் விட்டுவிடுகிறேன். செத்தவர்கள் வீடு திரும்புகிற ஓபோன் பண்டிகைக்கு அப்பாவும் வந்திருப்பார், அவருக்கும் சேர்த்துப் படித்துக் காட்டு.

ஏப்ரல் கடைசியிலிருந்து நான் பெஞ்சில் இருக்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு ஆடவில்லை. முட்டியும் காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. ஹோரியே என்று இருபது வயதுப் பையன், என் இடத்தில் ஆடுகிறான். நான் போகிற தூரத்தைவிட ஒன்றரை மடங்கு ஓடுகிறான். ஓடி முடித்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறான். முதல் மாதம் அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். தேநீர் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் இல்லை.

இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஆனால் கேள் அக்கா, மூன்று நாள் படுத்துக்கிடந்துவிட்டு நாலாம் நாள் எழுந்தபோது மனசு லேசாகிவிட்டது. எனக்கு வீடு இருக்கிறதே! நான்தானே மூத்த மகன்? "எப்பத் திரும்பி வந்தாலும் மலை இருக்கும்டா" என்று அப்பா சொல்லித்தானே அனுப்பினார்? திரும்பி வருகிறேன். தோட்டத்தை நான் எடுத்து நடத்துகிறேன். அத்தானும் எத்தனை காலம்தான் தனியாக உழைப்பார், கொஞ்சம் உட்காரட்டும். மாடியறையைக் காலிபண்ணி வை. டிசம்பரில் மூட்டையோடு வந்து நிற்கிறேன். நடுக்களக்காரன் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வான், பயப்படாதே.

எழுதி முடித்ததும் பசிக்கிறது. நல்ல அறிகுறி.

தமோட்சு


யோஷிதா,
செப்டம்பர் 27

அன்புள்ள தமோட்சுவுக்கு,

வெயில் தணிந்து இரவில் பூச்சிகளின் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும் இந்த நாட்களில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

வா. இது உன் வீடு. மாடியறையைச் சுத்தம் செய்திருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ஷினோ


யோஷிதா,
அக்டோபர் 9

தமோட்சு அவர்களுக்கு,

கென்சாகு எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பருவத்தைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மழை பெய்கிறது. அதனால்தான் வீட்டில் இருக்கிறேன்.

நீங்கள் வருவதாக ஷினோ சொன்னாள். நல்லது. பல காலம் வெளியில் கஷ்டப்பட்டீர்கள்.

நான் தீவிலிருந்து அறுவடைக் கூலியாக இங்கே வந்தவன். உங்கள் அப்பா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டபோது ஒரு வார்த்தை கொடுத்தேன். "பையன் திரும்பி வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றேன். வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். கிழக்குச் சரிவில் வடிகால் சரியில்லை, அதை மட்டும் முடிக்கவில்லை. மன்னிக்கவும். பழம் இறக்குகிற தண்டவாள வண்டியின் பிரேக் இடதுபக்கம் பிடிக்கும், இறங்கும்போது ஜாக்கிரதை.

ஒரே மரத்தில் இரண்டு பேர் கத்தரி வைத்தால் மரத்துக்குக் குழப்பம். அதனால் ஜனவரியிலிருந்து கூட்டுறவுப் பழக்கிடங்குக்கு வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஆள் கேட்டிருந்தார்கள். ஷினோவும் நானும் கிடங்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொள்ள முடியும். மேல் அடுக்குக்குச் சொன்ன நாற்றுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எந்த ரகம் வைப்பது என்று இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஷினோவிடம் இன்னும் சொல்லவில்லை. அழுவாள். நீங்களும் சொல்ல வேண்டாம்.

எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் இடத்தில் ஆடும் பையன் நன்றாக ஓடுகிறான். ஆனால் பந்து வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். நீங்கள் அவனுக்குச் சொல்லலாம்.

குளிர் காலம் வருகிறது. முட்டியைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோனெ கென்சாகு


யோகோதே,
அக்டோபர் 15

அத்தானுக்கு,

முகமன் இல்லாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பழக்கிடங்குக்குப் போகாதீர்கள். இன்னும் சரி என்று சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால் வயிற்றுவலி என்று சொல்லுங்கள்.

நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, நம் மாவட்டத்து மட்சுயாமாவில் எங்களுக்கு ஆட்டம். அறுவடை உச்சத்தில் இருக்கும் என்று தெரியும். ஒவ்வொரு வருடமும் என் பருவம் முடிகிற நேரமும் உங்கள் அறுவடையும் ஒன்றாகவே வந்து தொலைகிறது, அதனால் நான் உங்களைக் கூப்பிட்டதே இல்லை. இந்த ஒரு தடவை கூப்பிடுகிறேன். வாருங்கள். அதுவரை வீட்டில் எதையும் நகர்த்தாதீர்கள்.

தமோட்சு


யோஷிதா,
நவம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

மலை முழுக்க ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. இடுப்பு ஒடிகிறது. நலமா?

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் அறுவடையை விட்டுவிட்டுக் கிளம்பினார். நவம்பரில்! நல்ல வெயில் அடிக்கும்போது! தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். யாச்சியோ ஒரு மீனோடு வந்துவிட்டாள். "யாரும் சாகல, பந்தாட்டம் பாக்கப் போயிருக்காரு" என்றேன். "அதுக்குப் பதிலா யாராவது செத்திருந்தாக்கூட நம்பியிருப்பேன்" என்று மீனைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தபால்காரர் மகனும் ஆட்டத்துக்குப் போயிருந்தானாம். அவன் சொல்லித்தான் தெரியும். மட்சுயாமா அணி ரசிகர்களுக்கு நடுவே, தோட்டத்துச் சட்டையோடு உன் அத்தான், டிக்கெட்காரர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் நீ இறங்கியபோது அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் எழுந்து நின்று "சோனெ!" என்று கத்தினாராம். சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்களாம். பிறகு உள்ளூர்ப் பையன் என்று தெரிந்ததும் அவர்களும் கைதட்டினார்களாம். இரவு வீட்டுக்கு வந்தார், மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார், படுத்துவிட்டார். காலையில் மலைக்குப் போய்விட்டார்.

தமோட்சு, செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை. உன் ஆகஸ்ட் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். அன்று இரவு சாப்பாட்டுக்கு அவர் தன் இடத்தில் உட்காரவில்லை. சமையலறைப் பக்கம், அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். கேட்டால் "இங்கதான் காத்து வருது" என்றார். மறுநாளும் அங்கேதான். நாற்றையும் வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் இந்த வீட்டைவிட்டு ஒவ்வொரு அங்குலமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னிடம் வராதே என்று எப்படிச் சொல்வேன்? நீ என் தம்பி. நீ தோற்றுப்போய் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாய். அவரிடம் போகாதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை, அவர்தான் போகிறேன் என்றே சொல்லவில்லையே. ஒரு மாதம் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

அங்கே அவரிடம் என்ன சொன்னாய்? இன்னும் சமையலறைப் பக்கம்தான் உட்காருகிறார். ஆனால் இன்று காலை கிழக்குச் சரிவில் வடிகால் தோண்டுகிறார், அறுவடைக்கு நடுவில்.

எழுது. பூவெல்லாம் வேண்டாம்.

அக்கா


யோகோதே,
டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் பனி. பருவம் முடிந்துவிட்டது. கடைசி ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி வந்து நாலு பக்கமும் குனிந்து கும்பிட்டேன். என் பெயர் எழுதிய துணிப் பதாகையை ரசிகர்கள் மடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு போர்வை அளவு இருக்கிறது, போர்த்திக்கொள்ள லாயக்கில்லை. ஹோரியே அழுதான், மூக்கெல்லாம் ஒழுக. எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போய் வெகு நாளாகிறது. அத்தான் சொன்னதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பந்து வரும் முன்பே திரும்பிப் பார்க்கிறான்.

மட்சுயாமாவில் நடந்ததைக் கேட்டாயே, சொல்கிறேன். அத்தான் எனக்கு எழுதியிருந்தார். எல்லாம் சொல்லியிருந்தார். கிடங்கு வேலை, வேறு வீடு, எல்லாம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், இதோ சொல்லிவிட்டேன், திட்டினால் என்னைத் திட்டட்டும். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வருடமாகத் திரும்பிப் பார்ப்பதையே தொழிலாக வைத்துப் பிழைத்தவன் நான். என் சொந்த வீட்டில் யார் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை பார்க்கவில்லை. அந்த இடம் காலி என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தேன். அங்கே ஒரு மனுஷர் நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து பஸ் அருகில் வேலிக்கு அந்தப் பக்கம் அத்தான் நின்றார். பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்து வேலி வழியாக நீட்டினார். அப்பாவுடைய கவாத்துக் கத்தரி.

"என்ன அத்தான் இது?"

"இது உங்க அப்பாவோடது. இனிமே நீங்கதான் வெச்சுக்கணும்."

"நான் கத்தரி வெச்சா அடுத்த வருஷம் பழம் வராது அத்தான், விறகுதான் வரும்."

அவர் சிரிக்கவில்லை. "நான் சொல்லித் தர்றேன். ஒரு வருஷம் போதும்" என்றார்.

"அப்புறம் நீங்க?"

"எனக்கென்ன. எனக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து இருபது பேர் பார்க்கிறார்கள். நான் சொன்னேன்: "அத்தான், அப்பா எங்கிட்டயும் ஒண்ணு சொன்னாரு. ஆஸ்பத்திரியில, கடைசியா நான் வந்தப்போ. 'அந்த மலைய இப்ப பாத்தா என்னோடது மாதிரியே தெரியலடா, அவன் கைபட்டு அவ்வளவு நல்லா இருக்கு'ன்னாரு. அத உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்குப் பந்துதான் முக்கியமா இருந்துச்சு."

அத்தான் வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அவர் அப்படிச் சொன்னாரா?" என்றார். இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை சொன்னேன். கத்தரியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றார். முட்டியைப் பற்றி விசாரித்தார்.

இனி என் செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது, ஆட்டமும் கிடைத்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கோச்சியில் சுசாகித் துறைமுகத்தில் ஒரு சின்ன அணி, உள்ளூர் லீக். காலையில் மீன் அரைத்து வறுவல் போடுகிற ஆலையில் வேலை, மாலையில் பயிற்சி. என் பழைய ஆறாம் எண்ணையே கொடுத்தார்கள். இனி எதிராளி என்னை வாசனையாலேயே கண்டுபிடித்துவிடுவான். யாச்சியோ அம்மாளிடம் சொல், தொழிலில் இனி நான் அவள் பங்காளி.

அங்கிருந்து வீட்டுக்கு வண்டியில் வரலாம். அடுத்த அறுவடைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன், கூலியாளாக. அதற்கு அத்தானிடம் முறைப்படி ஒரு விண்ணப்பம் தனியாக எழுதியிருக்கிறேன். சேர்த்துக்கொள்வதும் துரத்துவதும் தோட்டக்காரர் இஷ்டம்.

பின்னாலேயே வருகிற பொட்டலம் அத்தானுக்கு. அப்பா போன பிறகும் வாசலில் அப்பா பெயர் இருக்கிற பலகைதானே தொங்குகிறது? யார் பெயரை எழுதுவது என்று யாரும் வாய் திறக்கவில்லை. நான் வருவேன் என்று நீங்கள் இருவரும் காத்திருந்தீர்கள் போல. இந்த ஊர்த் தேவதாரு மரத்தில் அத்தான் பெயர் போட்டு ஒன்று செய்யச் சொன்னேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

அவர் மாட்ட மாட்டேன் என்றால், மூத்த மகன் உத்தரவு என்று சொல். இந்த ஒரு தடவை மட்டும் அந்தப் பட்டத்தை உபயோகித்துக்கொள்கிறேன்.

குளிரில் கையைக் கவனி, உனக்கு வெடிக்கும்.

தம்பி,
தமோட்சு


யோஷிதா,
டிசம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அறுவடை முடிந்தது. மலையில் இலை மட்டும் இருக்கிறது. இந்த வருடம் நல்ல பழம். உனக்குச் சுசாகி முகவரிக்கே அனுப்புகிறேன், ஆலையில் எல்லோருக்கும் கொடு. புது அறையில் ஜன்னல் சரியாக மூடுகிறதா? இரண்டு கால்சட்டையாகப் போட்டுக்கொள். முட்டியை ஆலை ஈரத்தில் நிறுத்தாதே. யாச்சியோ உன் மேல் பயங்கர மரியாதையாக இருக்கிறாள், பந்தாட்டத்தில் என்ன கிழித்தானோ, மீன் வேலை என்றால் அது வேலை என்கிறாள்.

உன் விண்ணப்பத்தை உன் அத்தான் படித்தார். "அவனுக்கு ஏணி ஏறத் தெரியுமா?" என்றார். கவனித்தாயா, "அவன்" என்றார்! சேர்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். நாற்றுக்காரருக்கு மறுபடியும் சொல்லிவிட்டார்.

பலகை நேற்று வந்தது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். நான் காய் நறுக்குகிற மாதிரி நறுக்கிக்கொண்டே இருந்தேன், ஒரு முள்ளங்கி முழுதும் போய்விட்டது. "மரம் நல்ல மரம்" என்றார். "எழுத்துக் கொஞ்சம் பெரிசா இருக்கு" என்றார். நான் மூத்த மகன் உத்தரவைச் சொன்னேன். "அப்படின்னா சரி" என்றார்.

இன்று பிற்பகல் தனியாகப் போய் மாட்டினார். அப்பாவின் பலகையைக் கழற்றித் துடைத்து என்னிடம் கொடுத்தார், பூசை மாடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிறகு வெளியே சுத்தியல் சத்தம் நின்று ரொம்ப நேரமாகியும் ஆள் வரவில்லை. எட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன், போகவில்லை.

தமோட்சு, நீ கவனித்திருக்க மாட்டாய், நானும் இன்றுவரை கவனித்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்த வீட்டுக்குள் பின்பக்கமாகத்தான் வருவார். கிணற்றடியில் கை கால் கழுவி, சமையலறை வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவார். காலில் மண் இருப்பதால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரம். முன்வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தபால்காரர் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். உன் அத்தான் நின்றிருந்தார், கையில் சுத்தியல், துடைத்து வைத்த தரையெல்லாம் பூட்ஸ் மண். வீட்டுக்குள் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "நான் வந்துட்டேன்!" என்றார்.

அக்கா,
ஷினோ